மணிக்கட்டு தடையில்லாமல் அசைய வாள் பயிற்சிக்கு இரும்புக் கைக்கவசம் செய்வது எப்படி?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நீள்வாள் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாராம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கையுறைகளின் விலையைப் பார்த்துவிட்டு, தானே 1.6 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு ஜோடி கைக்கவசம் அடித்திருக்கிறார். முன்கைக்கு ஒரு குழல், புறங்கைக்கு ஒரு தகடு, இரண்டையும் மணிக்கட்டின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு ரிவெட் போட்டு இணைத்திருக்கிறார். அவர் கேட்பது இதுதான்: "கை மேலும் கீழும் கொஞ்சம் மடங்குகிறது. பக்கவாட்டில் அசையவே மாட்டேன் என்கிறது. வாளை நீட்டிக் குத்தினால் குழலின் விளிம்பு சதையில் ஏறுகிறது. ரிவெட்டை இடம் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டுமா அண்ணே?"

தம்பி, புறங்கைத் தகட்டை வைத்துக்கொள்ளுங்கள். குழலைத் தூக்கிப் போடுங்கள். ரிவெட்டை எங்கே நகர்த்தினாலும் அந்தக் குழல் உங்களை விடாது. நான் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவன். தொழில் ஏர்கண்டிஷன் டக்ட்டுக்குத் தகடு வெட்டி மடிப்பது. கவசம் செய்வது அதிலிருந்து ஒட்டிக்கொண்ட கிறுக்கு. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோருமே மூட்டு எப்படிச் செய்வது என்றுதான் கேட்கிறார்கள். மணிக்கட்டு அசைவதற்கு மூட்டு தேவையே இல்லை, காலி இடம்தான் தேவை. அந்த இடத்தை எந்தப் பக்கம், எவ்வளவு விடுவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உங்கள் கையையே பாருங்கள். மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் ஏறக்குறைய 80 டிகிரி மடங்கும். புறங்கைப் பக்கம் 70 டிகிரி. கட்டைவிரல் பக்கமாகச் சாய்வது 20 டிகிரிதான், சுண்டுவிரல் பக்கமாக 30, சிலருக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். வாள்காரனுக்கு இந்த நான்கில் எது முக்கியம்? கதவைத் தள்ளுகிற மாதிரியான பெரிய மடக்கு இல்லை. சுண்டுவிரல் பக்கச் சாய்வுதான். வாளைப் பிடித்துக் கையை நேராக நீட்டி, முனை எதிராளியின் மார்பைப் பார்க்கும்படி வையுங்கள். கை முழுக்கச் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். அங்கிருந்து முனையை மேலே தூக்கினால் கட்டைவிரல் பக்கம் சாயும். வெட்டு, குத்து, தடுப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு சாய்வுக்கு நடுவில்தான் ஓடுகின்றன. உங்கள் கவசத்தில் இரண்டு பக்கமும் ரிவெட் போட்டு இதைத்தான் பூட்டிவிட்டீர்கள். இரு பக்கமும் ஒற்றை ரிவெட் என்றால் அது கதவுக் கீல். ஒரே திசையில்தான் திறக்கும்.

இன்னொரு அசைவு உண்டு, அது மணிக்கட்டைச் சேர்ந்ததே இல்லை. உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டுவது. முன்கையில் இரண்டு எலும்புகள். புரட்டும்போது ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்கே ஏறுகிறது. முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சதை அதிகம் திரும்பாது, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பது கையோடு சேர்ந்து முழுதாகத் திரும்பும். ஆகவே முன்கையின் முக்கால் நீளத்துக்கு ஒரு இறுக்கமான குழலை மாட்டினால், ஒரு முனை திரும்பப் பார்க்கும், மறுமுனை திரும்பாது. நீங்கள் சொன்ன 'விளிம்பு சதையில் ஏறுகிறது' என்பதில் பாதி இதுதான்.

இதை 14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கொல்லர்கள் அழகாகத் தீர்த்துவிட்டார்கள். அதற்கு முன்பு இரும்பு வளையங்களைக் கோத்த சட்டையின் கை நுனியிலேயே ஒரு பை போலக் கையுறை தொங்கும். வெட்டைத் தடுக்கும், ஆனால் அடியின் அதிர்ச்சி எலும்புக்கு அப்படியே போய்ச் சேரும். 1361-இல் டென்மார்க் அரசன் நான்காம் வால்டெமார் காட்லாந்துத் தீவின் விஸ்பி நகரைத் தாக்கியபோது இறந்தவர்களைக் கவசத்தோடு குழிகளில் புதைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது கைக்கவசங்களும் கிடைத்தன. சின்னச் சின்னத் தகடுகளைத் தோலிலோ துணியிலோ ரிவெட் வைத்துச் சேர்த்தவை. ஏறக்குறைய அதே காலத்தில் பணக்கார வீரர்களிடம் வேறொரு வடிவம் வந்துவிட்டது. புறங்கையும் கஃபும், அதாவது மணிக்கட்டைத் தாண்டி முன்கையை மூடும் பகுதியும், ஒரே தகடு. மணிக்கட்டில் ஒடுங்கி, இரண்டு பக்கமும் விரிந்து, நம் உடுக்கை வடிவத்தில் இருக்கும். 1376-இல் இறந்த இங்கிலாந்து இளவரசன் எட்வர்டின் கைக்கவசங்கள் கேன்டர்பரி தேவாலயத்தில் அவன் சமாதிக்கு மேலே நூற்றாண்டுக் கணக்கில் தொங்கின. அவை இந்த வகைதான், செம்புக் கலவையில் செய்தவை.

ஒரே தகடு என்றால் மணிக்கட்டு எப்படி அசையும் என்று கேட்பீர்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தகடு கையோடு சேர்ந்தது, முன்கையோடு சேர்ந்தது இல்லை. கை எங்கே சாய்ந்தாலும் தகடு மொத்தமும் கூடவே போகும். விரிந்த கஃபுக்குள் முன்கை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். உடுக்கையின் இடுப்பு மணிக்கட்டு மூட்டின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால் எல்லாம் தானாக வேலை செய்யும். இடுப்பு ஒரு விரல்கடை முன்கைப் பக்கம் போனாலும் பிடிக்கும். முன்கைக் குழலையும் கைத்தகட்டையும் தனித்தனியாகச் செய்து மூட்டு வைப்பதைவிட இது எளிது, வலுவும் கூட. முதல் ஜோடிக்கு இதையே செய்யுங்கள்.

இடுப்பு எங்கே வர வேண்டும்? உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டில் ரேகை மாதிரி மடிப்புகள் இருக்கும். கைக்கு மிக அருகில் இருக்கும் மடிப்புதான் கணக்கு. சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முண்டு இருக்கிறதே, பலர் அதை மூட்டு என்று நினைக்கிறார்கள். அது முன்கை எலும்பின் முனை. கை மடங்கும் அச்சு அந்த முண்டைத் தாண்டி, கைப் பக்கமாகக் கொஞ்சம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் ரிவெட் வைத்திருப்பது முண்டின் மேல் அல்லது அதற்கும் பின்னால் என்று ஊகிக்கிறேன். மடக்கும்போது தகடு பின்னால் நழுவி முட்டுவது அதனால்தான்.

இனி விரிவு எவ்வளவு என்று பார்ப்போம். இங்கேதான் டக்ட் வேலை எனக்குக் கை கொடுத்தது. டக்ட்டில் பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்கு இறங்கக் கூம்புத் துண்டு ஒன்று போடுவோம், ரெடியூசர் என்போம். உடுக்கைக் கவசம் இரண்டு ரெடியூசரை வாய் வெளிப்பக்கம் பார்க்கச் சேர்த்தது, அவ்வளவுதான். முன்கைப் பக்கக் கூம்புக்கு ஒரு கணக்கு தருகிறேன். கையுறை போட்டுக்கொண்டு மணிக்கட்டின் சுற்றளவை அளந்து, அதோடு 20 மில்லிமீட்டர் சேருங்கள். 220 வருகிறது என்று வைப்போம். விரிவு எல்லாப் பக்கமும் 20 டிகிரி. அட்டையில் ஒரே மையத்திலிருந்து இரண்டு வில் போடுங்கள். உள் வில்லின் ஆரம் 102 மில்லிமீட்டர், வெளி வில்லின் ஆரம் 202. முழுக் கூம்புக்கு 123 டிகிரி வேண்டும். நமக்கு உள்ளங்கைப் பக்கம் திறந்தே இருக்கப் போவதால் முக்கால் பங்கு, அதாவது 92 டிகிரி போதும். வெட்டி வளைத்தால் 100 மில்லிமீட்டர் நீளத்தில், வாய் ஏறக்குறைய 138 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கஃப் கிடைக்கும். உங்கள் சுற்றளவு வேறாக இருந்தால் அதை 2.15-ஆல் வகுத்தால் உள் வில்லின் ஆரம் வரும், அதோடு 100 கூட்டினால் வெளி வில்.

சுண்டுவிரல் பக்கச் சாய்வு 30 டிகிரி என்றேன், விரிவு 20 தானே என்று கேட்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் பிறகு சுத்தியலால் இன்னும் 5 டிகிரி வெளியே தள்ளுவோம். மிச்சத்தை இடுப்பில் விட்ட தளர்வும், உள்ளங்கையில் கைப்பிடி குறுக்காகக் கிடப்பதும் பார்த்துக்கொள்ளும். வாளைச் சரியாகப் பிடிப்பவன் கைப்பிடியை உள்ளங்கைக்குக் குறுக்கே சாய்த்துத்தான் பிடிப்பான், சுத்தியல் மாதிரி இறுக்கிப் பிடிக்க மாட்டான். அந்தச் சாய்விலேயே கொஞ்சம் டிகிரி கிடைத்துவிடும். கட்டைவிரல் பக்கம் 15 டிகிரி போதும், அந்த ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே அமுக்கிவிடலாம், அங்கே கஃபை அள்ளி விரித்து வைத்தால் எதிராளியின் வாள் வந்து உட்கார இடம் கொடுத்தது போல ஆகும்.

கஃபை நீளமாக்க ஆசை வரும், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். 25 டிகிரி விரிவில் 100 மில்லிமீட்டர் நீளக் கஃபின் விளிம்பு பக்கவாட்டில் 42 மில்லிமீட்டர் வெளியே போகும். அதையே 150 ஆக்கினால் 63. இரண்டு கையும் ஒரே கைப்பிடியில் இருக்கும் நீள்வாளுக்கு அப்படிப்பட்ட இரண்டு கஃப்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும். 100-ஐ ஒட்டியே நில்லுங்கள்.

அப்புறம் பெல்ட். கஃபின் வாய்ப் பக்கம், அதாவது முழங்கைப் பக்கத்து விளிம்பில், முன்கையைச் சுற்றி ஒரு பெல்ட் போட்டு இறுக்கினால் இவ்வளவு நேரம் போட்ட கணக்கு அத்தனையும் வீண். கஃப் முன்கையோடு கட்டப்பட்டுவிடும், கை பூட்டிக்கொள்ளும். பெல்ட் இடுப்பில் ஒன்று, உள்ளங்கைக் குறுக்கே ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். இடுப்புப் பெல்ட்டும் உள்ளே சுண்டுவிரலை நுழைக்கும் தளர்வில் இருக்கட்டும். கஃப் ஆடுகிறதே, கழன்று போய்விடாதா என்று பயப்படாதீர்கள். கவசத்தைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் கையுறை.

முன்கைக்குத் தனிக் கவசம் போடுவீர்களா? போட்டால் அது மணிக்கட்டுக்கு 40, 50 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கஃப் அதற்கு மேலே வெளியே வரும். முன்கைக் கவசம் மணிக்கட்டு வரை வந்து, அதன் மேல் கஃபும் ஏறினால் எவ்வளவு விரித்தாலும் பயனில்லை. மெத்தைச் சட்டையின் கை நுனி கஃபுக்குள் வருமானால் அதையும் போட்டுக்கொண்டே அளவெடுங்கள். எல்லா அளவும் கையில் வாளோடு எடுக்க வேண்டியவை. விரித்த வெறுங்கை வேறு, முஷ்டி வேறு. மூடினால் புறங்கை வளைந்து எழும்பும், விரல் முட்டிகள் அகலும், கட்டைவிரலின் அடி உள்ளே இறங்கும்.

தகட்டுக்கு முன் அட்டை. சீரியல் பெட்டி அட்டை போதும். ஓரளவு விறைப்பாக இருக்கும், மடக்கினால் தகடு எப்படி நடந்துகொள்ளுமோ ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்ளும். ரிவெட்டுக்குப் பதில் ஸ்டேஷனரிக் கடையில் காகிதம் கோக்க விற்கும் பித்தளைக் கவட்டைப் பின்களைக் குத்துங்கள். அட்டைக் கவசத்தைக் கையில் மாட்டி, வாளைப் பிடித்து, கூடத்தில் நின்று எல்லா நிலையும் செய்து பாருங்கள். எங்கே அட்டை கசங்குகிறதோ அங்கே தகடு உங்களைக் கடிக்கும். பேனாவால் குறித்து, வெட்டி, மறுபடி மாட்டுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு கிரைண்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள். வலது கைக்குச் சரியானதும் அட்டையைத் திருப்பிப் போட்டால் இடது கை. உங்கள் இரண்டு கையும் ஒரே அளவு என்று நம்பிவிடாதீர்கள், அளந்து பாருங்கள்.

தகடு 1.6 தேவையில்லை. மெல்லிரும்பு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. விரல், கட்டைவிரல் எல்லாம் சேர்த்து ஒரு கைக்கு 0.06 சதுர மீட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 1.6-இல் 750 கிராம், 1.2-இல் 565. முழங்கை நீளத்துக்கு அப்பால் தொங்கும் இருநூறு கிராம் சும்மா இல்லை தம்பி, பயிற்சி முடியும்போது உங்கள் தோளுக்குத் தெரியும். புறங்கைக்கும் கஃபுக்கும் 1.2, விரல்களுக்கு 1.0. பதப்படுத்திய ஸ்ப்ரிங் எஃகாக இருந்தால் 1.0, சில இடத்தில் 0.8 கூடப் போதும். ஆனால் அதைச் சூடேற்றி எண்ணெயில் நனைத்துப் பதம் பார்ப்பது வேறு கலை, முதல் ஜோடிக்கு வேண்டாம். 304 ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று ஆசை காட்டும். அடிக்க அடிக்க இறுகிக்கொண்டே போகும் உலோகம் அது, புதிய கைக்கு அலுப்பு. அலுமினியம் பக்கமே போகாதீர்கள்.

முழுத் தகடு 2450-க்கு 1225 அளவில் வரும், அது உங்களுக்கு வாழ்நாளுக்கும் தீராது. டர்பனில் கிளேர்வுட், ஜேக்கப்ஸ் பக்கம் தகடு வியாபாரிகளிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேளுங்கள். மாரிட்ஸ்பர்கிலும் கார் தகட்டில் நெளிவெடுக்கும் பேனல் பீட்டர் பட்டறைகளில் கேட்டால் கிடைக்கும். வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பழைய கூரைத் தகட்டில் கை வைக்காதீர்கள். அது அரை மில்லிமீட்டர் அளவுதான், மேலே துத்தநாகப் பூச்சு. அதைச் சூடேற்றினாலோ வெல்டிங் வைத்தாலோ வரும் வெள்ளைப் புகை நெஞ்சுக்கு ஆகாது. குளிரும் காய்ச்சலுமாகப் படுக்கப் போட்டுவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நல்ல தகரக் கத்தரி ஒன்று, உருண்டைத் தலைச் சுத்தியல், குறுக்குத் தலைச் சுத்தியல், பள்ளம் குடைந்த மரக்கட்டை, ஒரு துண்டு தண்டவாளம், 60 அல்லது 70 மில்லிமீட்டர் இரும்புக் குழாய். தண்டவாளத்தைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினால் மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் இரும்புத் திருட்டு இருக்கும் இருப்பில் யாராவது கேள்வி கேட்டால் பதில் வேண்டும். லோட்ஷெடிங் என்று கரண்டை நிறுத்தினாலும் கை வேலை நிற்காது, அது ஒரு லாபம்.

கஃப் கூம்பை முதலில் குழாய் மேல் கையாலேயே அமுக்கி வளையுங்கள். மணிக்கட்டு வட்டம் இல்லை, தட்டையான முட்டை வடிவம், அந்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு சுண்டுவிரல் பக்க விளிம்பைத் தண்டவாளத்தின் உருண்ட முனையில் வைத்துக் குறுக்குத் தலைச் சுத்தியலால் விளிம்பை ஒட்டி மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், உலோகம் நீண்டு விளிம்பு தானாக வெளியே மலரும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் கிழியும். தகடு இறுகி மணி மாதிரிச் சத்தம் வர ஆரம்பித்தால் நிறுத்தி, மங்கலான சிவப்பு வரும் வரை சூடேற்றி, காற்றில் தானாக ஆற விடுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம். விளிம்பு நீளும்போது மெலியும், 1.2-ஐ வாங்கச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

கஃபையும் உங்கள் பழைய புறங்கைத் தகட்டையும் இடுப்பில் 12 மில்லிமீட்டர் மேற்படிய வைத்து மூன்று ரிவெட் அடியுங்கள். மிக் வெல்டிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதுவும் சரி, ஆனால் 1.2-இல் சீக்கிரம் ஓட்டை விழும், புள்ளி புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். எது மேலே வர வேண்டும்? குத்து பெரும்பாலும் விரல் பக்கமிருந்து முழங்கையை நோக்கி வரும். ஆகவே திறந்த விளிம்பு விரல் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. கைத்தகடு மேலே, கஃப் அதற்கு அடியில். வாள் முனை வழுக்கிக்கொண்டு போய்விடும், இடுக்கில் சிக்காது. கஃபின் வெளி விளிம்பை ஒரு மெல்லிய கம்பியை உள்ளே வைத்து வெளிப்பக்கமாகச் சுருட்டிவிடுங்கள். விறைப்பும் கூடும், வழுக்கி வரும் வாளும் அந்தச் சுருளில் நின்றுவிடும். தகட்டின் எல்லா ஓரத்தையும் விரலால் தடவினால் கீறாத அளவுக்கு அரமிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூட்டு வைத்த கவசம்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் வழி இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் கஃபுக்கும் புறங்கைக்கும் நடுவில் ஒன்றோ இரண்டோ குறுகிய பட்டைத் தகடுகளைச் செருகினார்கள். அப்படிச் செய்யும்போது இரண்டு பக்கமும் வட்டத் துளையில் ரிவெட் போடாதீர்கள். சுண்டுவிரல் பக்கம் மட்டும் வட்டத் துளை, கட்டைவிரல் பக்கம் 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளத் துளை. ரிவெட் அந்த நீளத் துளையில் ஓடும், தகடுகள் ஒரு பக்கம் விசிறி மாதிரி விரிந்து மூடும், அதில்தான் பக்கச் சாய்வு கிடைக்கும். இல்லையென்றால் பக்க ரிவெட்டே வேண்டாம், உள்ளே மூன்று தோல் பட்டைகளில் தகடுகளைத் தொங்கவிடுங்கள். தோல் எல்லாத் திசையிலும் வளையும். தேய்ந்தால் மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் குறை. ஓடும் ரிவெட்டுகளை அடிக்கும்போது தகடுகளுக்கு நடுவில் ஒரு துண்டு அட்டையை வைத்து அடித்து, பிறகு அட்டையைப் பிய்த்து எடுத்துவிடுங்கள். அந்த அளவு இடைவெளி நிற்கும். துப்பாக்கியில் அடிக்கும் பாப் ரிவெட் உள்ளே காலி, மூட்டுக்கு ஆகாது. 3 மில்லிமீட்டர் திட ரிவெட், பின்னால் ஒரு வாஷர்.

கட்டைவிரலை யாரும் கவனிப்பதில்லை. புறங்கைத் தகடு கட்டைவிரலின் அடி வரைக்கும் இறங்கி வந்தால், கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிப் போகாது. அங்கே ஒரு வளைவு வெட்டி எடுத்துவிட்டு, கட்டைவிரலுக்குத் தனியாகக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு அடித்து, புறங்கைத் தகட்டின் ஓரத்தில் தோல் கீலால் தொங்கவிடுங்கள். ஜெர்மன் முறையில் ட்ஸ்வெர்க்ஹாவ் என்று, தலை உயரத்தில் கிடையாகச் சுழலும் ஒரு வெட்டு இருக்கிறது. கட்டைவிரலை வாளின் தட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் அது வரும். கவசத்தோடு அந்தப் பிடி வரவில்லை என்றால் கட்டைவிரல் தகட்டை மறுபடி கழற்றி வேலை செய்ய வேண்டியதுதான்.

கஃபின் உள்ளங்கைப் பக்கத்தைத் திறந்து விடச் சொன்னதற்கு இரண்டு காரணம். ஒன்று, மூடிய இடுப்பு என்றால் கையே அதற்குள் நுழைய வேண்டும். கை நுழையும் அகலம் மணிக்கட்டுக்கு மிகத் தளர்வு. மூடியே செய்ய வேண்டுமானால் உள்பக்கத் துண்டைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்ய வேண்டும். இரண்டாவது, வாளின் கைப்பிடி முடியும் இடத்தில் இருக்கும் அடிக்குமிழ். கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது குமிழ் முன்கையின் அடிப்பக்கத்தை நோக்கி வரும். அங்கே தகடு இருந்தால் டங்கென்று இடித்து, வெட்டு பாதியில் நின்றுவிடும். ஒற்றைக் கை வாளில் இது இன்னும் மோசம். தகட்டை அங்கே ஒதுக்கி வெட்டிவிட்டு, தடித்த தோல் ஒரு துண்டு வைத்தால் போதும். அந்தப் பக்கம் அடி விழுவது அபூர்வம்.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக யோசித்தவர்களும் உண்டு. மராட்டியர் காலத்துப் பட்டா வாளில் கைக்கவசமும் வாளும் ஒன்றே. உள்ளே ஒரு குறுக்குக் கம்பியைப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டு முழுக்கப் பூட்டு. வெட்டு எல்லாம் முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும். அந்த வாளுக்கு அது பொருத்தம். நீள்வாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டா மாதிரிக் கவசம் மாட்டினால்தான் பிரச்சினை.

உள்ளே போடும் கையுறைக்கு ஆட்டுத்தோல் வெல்டிங் கையுறை நல்லது, உள்ளங்கை மெல்லியதாக இருப்பதால் பிடி தெரியும். புறங்கைப் பக்கம் 6 முதல் 10 மில்லிமீட்டர் மெத்தை தைத்து, தகட்டில் விரல் முட்டி வரிசையில் சின்னத் துளைகள் போட்டு அங்கே கையுறையை இறுக்கித் தைத்துவிடுங்கள். கஃப் பகுதியில் தைக்காதீர்கள். முட்டி வரிசையில் பிடித்திருந்தால் கவசம் கையோடு போகும், கஃப் மிதக்கும். விரல்களைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. நான்கு விரலையும் சேர்த்து மூடும் மிட்டன் வகை பலமானது, தனி விரல் வகை பிடிக்குச் சுகமானது. அதுவும் உங்கள் பயிற்சிக் குழு எதை அனுமதிக்கிறதோ அதைப் பொறுத்தது. இரும்புக் கைக்கவசம் மற்றவர்களின் வாளில் பல் விழ வைக்கிறது என்று தடுக்கும் குழுக்களும் இருக்கின்றன. சுத்தியலைத் தொடும் முன் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாட்டிப் பார்க்கும்போது வரிசையாக இதைச் செய்யுங்கள். கையை நேராக நீட்டிக் குத்தி, முனை நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே முனையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். பிறகு ஓக்ஸ் நிலை, அதாவது கைப்பிடி முகத்துக்குப் பக்கத்தில், முனை எதிராளியைப் பார்க்க, முதலில் ஒரு பக்கம், அப்புறம் கைகள் குறுக்கே வரும் மறுபக்கம். குறுக்கே வரும் பக்கத்தில்தான் கஃப்கள் ஒன்றோடொன்று இடிக்கும், இடித்தால் எந்தக் கஃபின் எந்த ஓரம் என்று சாக்பீஸால் குறித்துக் குறையுங்கள். கடைசியாக வாள் இல்லாமல் உள்ளங்கையை மேலும் கீழும் புரட்டுங்கள், கஃப் கையோடு சேர்ந்து திரும்ப வேண்டும், முன்கையைத் தேய்க்கக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தால் ஒருவரை மெதுவாகப் புறங்கையில் தட்டச் சொல்லுங்கள். தகடு எலும்பைத் தொட்டால் மெத்தை போதவில்லை.

நீங்கள் மேட்டில் இருக்கிறீர்கள், எங்களைப் போலக் கடல் காற்று இல்லை. இருந்தாலும் வியர்வை போதும் துரு ஏற. டர்பனில் ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் ஆரஞ்சுப் பூ பூத்திருக்கும். கழற்றியதும் உள்ளே வெளியே துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். கையுறையைத் தகட்டிலிருந்து வெளியே இழுத்து நிழலில் காய விடுங்கள், பையில் போட்டு மூடினால் தோலில் பூஞ்சை பிடிக்கும். தையலை அவிழ்த்து மாட்டும்படி தோல் நாடாவால் கட்டியிருந்தால் இது சுலபம். ஓடும் ரிவெட் வைத்திருந்தால் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஆட்டிப் பாருங்கள். தலை தேய்ந்து மெலிந்ததை உடனே அறுத்து மாற்றுங்கள், அது சண்டையின் நடுவில்தான் கழலும்.